பழைய கோட்டைக்கு அடியில் செங்கல் வடிகால்: இறங்கலாமா, எப்படிப் பதிவு செய்வது?

கடலோரக்காற்று எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரின் தெற்குக் கடலோரத்தில் உள்ள பழைய பிரிட்டிஷ் கோட்டை ஒன்றின் மேட்டுக்கு அடியில் செங்கல் வடிகால் ஒன்று இருக்கிறது. அதை ஆவணப்படுத்த எங்கள் மரபுடைமைத் தொண்டூழியர் குழுவுக்கு இடத்தின் நிர்வாகத்தார் எழுத்து மூலம் ஒப்புதல் தந்திருக்கிறார்கள். எந்தக் கோட்டை என்று இங்கே எழுதவில்லை. இடம் தெரிந்தால் அனுமதி இல்லாமல் இறங்கிப் பார்க்கச் சிலர் கிளம்பக்கூடும்.

தெரிந்த விவரம் இவ்வளவுதான். இரண்டு மேன்ஹோல்கள், இடையே 40 மீட்டர். குறுக்குவெட்டு முட்டை வடிவம், கூர்முனை கீழே. உயரம் 1.2 மீட்டர், மிக அகலமான இடத்தில் 0.8 மீட்டர். மேல் மேன்ஹோலின் ஆழம் 3 மீட்டர். அடியில் 15 செண்டிமீட்டர் தண்ணீர், அதற்குக் கீழே கறுப்புச் சேறு. கீழ்முனை கடல் பக்கம் திறக்கிறது. அந்த வாயிலில் இருக்கும் இரும்பு மடிப்புக் கதவு துருப்பிடித்துப் பாதி திறந்தபடியே நின்றுவிட்டது. மேலே ஏறக்குறைய 1 ஹெக்டர் சரிவு; மரங்களும் நடைபாதையும் உள்ளன.

நாங்கள் 3 பேர். நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டர் ஒன்று, 10 மீட்டர் குழாயோடு இரவல் கிடைத்திருக்கிறது. உள்ளே இறங்கலாமா? இறங்கினால் என்னென்ன வேண்டும்? செங்கலைப் பார்த்துக் காலத்தை எப்படிக் கணிப்பது? அளந்து வரைபடம் போட எது நல்ல வழி?


பெர்மிட்மணி எழுதியது:

நிர்வாகத்தின் ஒப்புதல் கடிதம் நீங்கள் அந்த இடத்துக்கு வரலாம் என்பதற்கு மட்டும்தான். உள்ளே ஆள் இறங்க அது போதாது. இது கன்ஃபைன்ட் ஸ்பேஸ், அதாவது காற்றோட்டம் குறைந்த அடைபட்ட இடம். 2009ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார விதிமுறைகள்படி இறங்குவதற்கு நுழைவு பெர்மிட் வேண்டும். மேற்பார்வையாளர் விண்ணப்பிக்க வேண்டும், தகுதி பெற்ற பாதுகாப்பு மதிப்பீட்டாளர் காற்றைச் சோதிக்க வேண்டும், பொறுப்பு மேலாளர் கையெழுத்திட வேண்டும், இறங்கியவர்கள் ஏறும்வரை வெளியே ஒரு கவனிப்பாளர் நிற்க வேண்டும். தொண்டூழியர்கள்தானே என்று இதில் எதையும் விடாதீர்கள். 3 பேர் என்பது எந்தக் கணக்கிலும் போதாது. உள்ளே 2, மேலே நகராமல் நிற்க 1, அவசரத்துக்கு இழுத்தெடுக்கத் தனியாக ஆட்கள் என்று பார்த்தால் குறைந்தது 5 பேர், அதுவும் பயிற்சி பெற்றவர்கள்.

இந்த வடிகால், பொது வடிகால்களைப் பராமரிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கட்டமைப்போடு சேர்கிறதா என்பதை முதலில் நிர்வாகத்தாரிடம் கேளுங்கள். சேர்கிறது என்றால் கழகத்தின் அனுமதி தனி.

இனி காற்று. மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எரியும் வாயு, தீப்பற்றும் கீழ் எல்லையில் (காற்றில் தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவில்) 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்குக்கு) கீழே இருக்க வேண்டும். இந்த மூன்றும் எல்லைக்குள் இருந்தாலே போதும் என்று நினைப்பதுதான் பலரும் சறுக்கும் இடம், காரணம் கீழே சொல்கிறேன்.

மீட்டரைக் குளிர்சாதன அறையில் வைத்து, சாதாரணக் காற்றின் ஆக்ஸிஜன் அளவான 20.9க்குச் சரிசெய்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அறைக் காற்று உலர்ந்தது, வடிகால் காற்றோ நீராவி நிறைந்தது. அந்த நீராவி இடம் பிடித்துக்கொள்வதாலேயே உள்ளே அளவு 0.4 சதவீதம் வரை குறைந்து காட்டும். அது நிஜக் குறைவா, ஈரத்தால் வந்ததா என்று அப்புறம் பிரித்தறிய முடியாது. அதே இடத்தில், வெளியே நிழலில், வாகனப் புகை படாமல் கால் மணி நேரம் வைத்திருந்து பிறகு சரிசெய்யுங்கள். சோதனை வாயு செலுத்தி அலாரம் அடிக்கிறதா என்பதையும் அன்றைக்கே பாருங்கள்.

மூடியைத் திறக்கும்போது காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரட்டும். முழுவதும் தூக்குமுன் ஓரத்தை மட்டும் விரல்கடை அளவு உயர்த்திக் குழாயை விட்டு ஒரு முறை அளவெடுங்கள். பிறகு மேல், நடு, தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேல் என்று மூன்று உயரத்தில் எடுங்கள். 10 மீட்டர் குழாய் என்றால் காற்று மீட்டருக்கு வந்து சேரவே நேரமாகும். ஒவ்வோர் உயரத்திலும் குறைந்தது 3 நிமிடம் பொறுத்திருந்து, எண் அசையாமல் நின்ற பிறகு குறியுங்கள். குழாய் முனை தண்ணீரை உறிஞ்சினால் பம்ப் அன்றோடு போச்சு. அதனால் நீர்த்தடுப்பு வடிகட்டி கட்டாயம்.

அதன்பின் செய்ய வேண்டியதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நீளக் கழியால் சேற்றைக் கிளறிவிட்டு மறுபடி அளவெடுங்கள். கறுப்புச் சேற்றில் ஹைட்ரஜன் சல்பைடு அடைபட்டுக் கிடக்கும். அசையாத வரை மீட்டர் பூஜ்யம் காட்டும், பூட்ஸ் பட்டதும் குமிழி குமிழியாக வெளிவரும். 100 பிபிஎம்மை ஒட்டிப் போனால் மூக்கு மரத்துவிடும், அழுகிய முட்டை வாடையும் நின்றுவிடும். வாடை போனதை நல்லதென்று நினைக்கும் நிமிடம்தான் மிக ஆபத்தானது.

எடுத்த அளவுகளை இங்கே போடுங்கள். அதற்கு முன் யாரும் தலையைக்கூட உள்ளே நீட்ட வேண்டாம்.


மழைக்கணக்கு எழுதியது:

மணி அண்ணன் காற்றைச் சொல்லிவிட்டார், நான் தண்ணீரைச் சொல்கிறேன்.

1 ஹெக்டர் சரிவு, மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை என்று வையுங்கள். நம் ஊர் இடிமழையில் இந்த வேகம் சில நிமிடங்களாவது நிற்கும். மரமும் மண்ணும் கொஞ்சம் உறிஞ்சி, 60 சதவீதம் வடிகாலுக்கு வருகிறது என்றால் விநாடிக்கு 167 லிட்டர். உங்கள் முட்டை வடிவத்தில் அது விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால் ஆழம் 38 செண்டிமீட்டரை எட்டும். நிமிர்ந்து நிற்பவருக்கு அது முழங்காலை ஒட்டிய தண்ணீர். 1.2 மீட்டர் உயரத்தில் நீங்கள் நிமிர்ந்து நிற்க முடியாது, குனிந்திருப்பீர்கள். குனிந்த உடம்பு பாதி வழியை அடைத்துவிடும், முதுகுப் பக்கம் தண்ணீர் ஏறும். அடியோ முட்டையின் கூர்முனை, பாசி படிந்தது. கால் ஊன்ற இடமே இல்லை.

40 மீட்டரைக் குனிந்தபடி கடக்க 3 நிமிடத்துக்கு மேல் ஆகும். சிறு சரிவில் மழைநீர் வந்து சேர அதைவிட அதிக நேரம் எடுக்காது. உள்ளே இருப்பவருக்கு மழைச் சத்தம் கேட்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாள் பார்க்கும்போது வடகிழக்குப் பருவமழை வலுவாக இருக்கும் டிசம்பர், ஜனவரியை விட்டுவிடுங்கள். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம், ஆகவே காலையில் முடித்துவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கதை மாறும். சுமத்ரா புயற்காற்று விடியலுக்கு முன்னும் காலையிலும்தான் மேற்கிலிருந்து வரும், அந்த மாதங்களில் காலை என்றால் பத்திரம் என்பது பொய்க்கணக்கு. வெளியே நிற்பவர் கையில் மழை ராடார் படம் திறந்தே இருக்கட்டும். மேகம் தீவின் எந்த மூலையில் தென்பட்டாலும் வேலையை நிறுத்த வேண்டும். தலைக்கு மேல் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

கடல் பக்கக் கதவு பாதி திறந்து நிற்கிறது என்றீர்கள். பெரிய ஓதத்தின்போது நம் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே 3 மீட்டர் வரை வித்தியாசம் வரும். அலை ஏறினால் கடல்நீர் கீழ்முனையை அடைக்கும். தண்ணீர் மட்டுமல்ல, காற்றும் அங்கே போக்கிடம் இல்லாமல் நிற்கும். ஓத அட்டவணையில் தாழ்வு நேரத்துக்கு முன் 2 மணி, பின் 1 மணி, அவ்வளவுதான் உங்கள் வேலை நேரம். அந்த 3 மணி நேரமும் மழையில்லாத நேரமும் ஒத்துப்போகும் நாட்கள் மாதத்தில் அதிகம் கிடைக்காது. பொறுத்துத்தான் ஆக வேண்டும்.


சுண்ணாம்புக்காரை எழுதியது:

செங்கல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் இது வடிகால்தானா என்ற சந்தேகம் உங்களுக்கு வேண்டாம், ஏனென்றால் முட்டை வடிவமே பதில் சொல்லிவிடுகிறது. இங்கே பலர் கோட்டைக்கு அடியில் இருக்கும் எதையும் சுரங்கப்பாதை என்று எழுதிவிடுகிறார்கள். 1861இல் முடிந்த ஃபோர்ட் கேனிங்கில் இன்றும் இருக்கும் சிறு வாசல், வீரர்கள் வெளியே வந்து போக வைத்த சேலி போர்ட். லாப்ரடோரில் இருப்பவை வெடிமருந்துக் கிடங்கோடு சேர்ந்த வழிகள். பேட்டில்பாக்ஸ் 1930களின் கான்கிரீட் பதுங்கறை. இவற்றில் எதுவும் வடிகால் இல்லை. ஆள் நடக்கக் கட்டியதற்குத் தரை சமமாக இருக்கும், நீர் ஓடக் கட்டியதற்கு அடி குறுகும். ஓட்டம் குறைவாக இருக்கும் நாட்களிலும் தண்ணீர் ஒடுங்கிய பள்ளத்தில் வேகமாகப் போய் மண்ணை அள்ளிச் செல்ல வேண்டும் என்பதே முட்டை வடிவத்தின் நோக்கம். லண்டனில் 1840களுக்குப் பிறகு இது பரவலானது.

உங்கள் அளவு 0.8க்கு 1.2, அதாவது 2க்கு 3. பழைய பாடப்புத்தக விகிதம் அச்சு அசலாக இருக்கிறது. இதை வைத்து ஒரு நல்ல சோதனை செய்யலாம். இரண்டு மேன்ஹோல் பக்கமும், முடிந்தால் இடையிலும், அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியே அளவெடுங்கள். எங்காவது அகலம் 84, உயரம் 116 செண்டிமீட்டர் என்று வந்தால் மேலிருந்து அழுத்தம் வாங்கி வளைவு சப்பையாகிறது என்று பொருள். அப்படியான இடத்தில் விரிசல் வரும் முறையும் தெரிந்ததே. முகட்டில் உள்பக்கமாக நீளவாட்டில் வாய் திறக்கும், இரு பக்கச் சுவர்களில் உள்முகச் செங்கல் நசுங்கிச் செதில் உதிரும், அடியிலும் நீளவாட்டு விரிசல் இருக்கும் ஆனால் சேறு மூடியிருக்கும். முகட்டு விரிசலைக் கண்டால் பக்கச் சுவரையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் அது காரை உதிர்ந்த கோடு அல்ல, கட்டடம் நகர்கிறது.

காலக் கணிப்புக்கு ஒரு செங்கலை மட்டும் அளக்காதீர்கள். கையால் அறுத்த செங்கல் ஒன்றுக்கொன்று மாறும். 10 வரிசையின் மொத்த உயரத்தைக் காரையோடு சேர்த்து அளந்து பத்தால் வகுத்தால் நம்பத்தகுந்த எண் கிடைக்கும். முனை மழுங்கி, முகம் சற்று வளைந்து, உள்ளே கூழாங்கல் தெரிந்தால் கைவேலை. விளிம்பு கூர்மையாகவும் முகத்தில் பள்ளமும் முத்திரையும் இருந்தால் இயந்திர வேலை. முத்திரையில் அலெக்ஸாண்ட்ரா என்று இருந்தால் அந்தப் பகுதி 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு முன்னால் போக வாய்ப்பில்லை, ஏனெனில் அந்தப் பெயருள்ள செங்கல் ஆலையே அப்போதுதான் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளில் பழைய செங்கல் என்றாலே இந்தியக் கைதிகள் சுட்டது என்று வந்துவிடுகிறது. அவர்கள் உழைப்பு பெரியது, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமே சாட்சி. சிராங்கூன் சாலைப் பக்கம் அவர்கள் சூளை வைத்திருந்ததும் உண்மை. ஆனால் கைதிகளை இங்கே வைத்திருந்த ஏற்பாடு 1873இல் முடிந்தது. சிலோசோ முதலான கடலோரக் கோட்டைகளின் வேலை 1870களின் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது. உங்கள் கோட்டை அந்த வரிசையில் வந்தால், பழைய செங்கலை எடுத்துவந்து மறுபடி பயன்படுத்தியதற்கு ஆதாரம் இருந்தாலொழிய அப்படி எழுதாதீர்கள். அவர்களுக்கு உரிய பெருமையைத் தவறான சுவரில் ஒட்டினால், சரியான சுவரையும் நாளைக்கு யாரும் நம்ப மாட்டார்கள்.

காரையைப் பாருங்கள். சுண்ணாம்புக் காரை ஆணியால் கீறினால் மாவாக உதிரும், உள்ளே வெள்ளைக் கட்டிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். செங்கல் தூள் கலந்த சுர்க்கிக் காரை இளஞ்சிவப்பாக இருக்கும். சாம்பல் நிறத்தில் ஆணிக்கு அசையாமல் நின்றால் சிமெண்ட். ஆனால் சிமெண்ட் என்றவுடன் பின்னாளில் போட்ட ஒட்டு என்று முடிவு கட்ட வேண்டாம், 1880களின் பீரங்கி மேடைகளிலேயே ராணுவப் பொறியாளர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். எது முந்தியது என்று பார்க்க இரண்டும் சந்திக்கும் ஓரம்தான் வேண்டும். எது எதன் மேல் வழிந்து படிந்திருக்கிறதோ அது பிந்தியது. கீறிப் பார்ப்பதற்கும் நிர்வாகத்தின் ஒப்புதல் தேவை. சிலோசோ 2022இல் தேசிய நினைவுச்சின்னம் ஆகிவிட்டது; அப்படிப்பட்ட இடமாக இருந்தால் தேசிய மரபுடைமைக் கழகத்திடமும் கேட்காமல் ஆணியை எடுக்காதீர்கள்.


கடலோரக்காற்று எழுதியது:

அனைவருக்கும் நன்றி. உள்ளே யாரும் இறங்கவில்லை. மீட்டரை வெளியே நிழலில் வைத்துச் சரிசெய்துவிட்டு மேல் மேன்ஹோலில் எடுத்த அளவுகள் இதோ. மேலே ஆக்ஸிஜன் 20.8, நடுவில் 20.5, தண்ணீருக்கு மேல் 19.8. எரியும் வாயு பூஜ்யம், கார்பன் மோனாக்ஸைடு பூஜ்யம், ஹைட்ரஜன் சல்பைடு பூஜ்யம். கழியால் சேற்றைக் கிளறியதும் ஹைட்ரஜன் சல்பைடு 6 ஆகி, பிறகு 14 வரை ஏறியது. 10 நிமிடத்தில் 3க்கு இறங்கியது.

நீளக் கழியில் கேமராவும் விளக்கும் கட்டி உள்ளே நீட்டியதில், மேல் மேன்ஹோலிலிருந்து ஏறக்குறைய 6 மீட்டரில் முகட்டில் நீளவாட்டு விரிசல் தெரிகிறது. அதற்கு நேர் கீழே மஞ்சளும் சிவப்புமாக மணல் குவிந்து, தண்ணீருக்கு மேலே கூம்பு மாதிரி நிற்கிறது. சுற்றியிருக்கும் சேறு கறுப்பு, இது மட்டும் வேறு நிறம். புளோவர் வைத்துக் காற்றடித்தால் இறங்க முடியுமா?


பெர்மிட்மணி எழுதியது:

19.8 என்பது 19.5க்கு மேலேதானே என்று பார்க்காதீர்கள். மேலே 20.8, கீழே 19.8. ஈரம் காரணம் என்றால் மூன்று உயரத்திலும் குறைந்திருக்கும். கீழே மட்டும் குறைந்தது என்றால் கனமான வாயு ஒன்று தேங்கி நிற்கிறது. உங்கள் மீட்டரில் கார்பன் டைஆக்ஸைடுக்கு சென்சார் கிடையாது.

ஆக்ஸிஜன் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு. வேறு வாயு வந்து காற்றைத் தள்ளியதால் ஆக்ஸிஜன் 1.1 சதவீதம் குறைந்திருந்தால், வந்த வாயு அதுபோல் ஐந்து மடங்கு, அதாவது 5.3 சதவீதம். கார்பன் டைஆக்ஸைடு என்றால் 53,000 பிபிஎம். 40,000 பிபிஎம்மே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கும் அளவு. இலை மட்கி ஆக்ஸிஜனைத் தின்றதால் வந்த குறைவு என்றால் 11,000 பிபிஎம் அளவில் இருக்கும். அதுவும் 8 மணி நேர வரம்பான 5,000ஐப் போல் இரண்டு மடங்கு. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். தனி கார்பன் டைஆக்ஸைடு மீட்டர் வாடகைக்கு எடுங்கள்.

புளோவர் கணக்கு சுலபம். உங்கள் குறுக்குவெட்டு 0.73 சதுர மீட்டர், 40 மீட்டருக்கு 29 கன மீட்டர். மணிக்கு 1,500 கன மீட்டர் தள்ளும் புளோவர், நிமிடத்துக்கு 25. கன அளவைப் போல் ஏழரை மடங்கு மாற்ற 9 நிமிடம். குழாயில் வளைவுகள் இருந்தால் தள்ளும் அளவு பாதியாகக்கூடக் குறையும், ஆக 20 நிமிடம் என்று வையுங்கள். காற்றுக்குழாயின் முனை அடிவரை போக வேண்டும், மேன்ஹோல் வாயில் வைத்து ஊதினால் மேல்காற்றுதான் சுழலும். பெட்ரோல் ஜெனரேட்டரைப் பக்கத்தில் வைத்தால் அதன் புகையையே உள்ளே ஊதுவீர்கள்.

இதெல்லாம் செய்தாலும் காற்று சுத்தமாவது சேறு அசையாத வரைதான். கிளறியதும் 14 வந்தது, நடந்தால் அடி வைக்கும் ஒவ்வோர் இடத்திலும் வரும். என் முடிவு: இறங்க வேண்டாம். படம்தான் தேவை என்றால் ஆள் போகாமலே எடுக்க வழி இருக்கும்போது பெர்மிட் போட்டு 5 பேரை நிறுத்தக் காரணமே இல்லை.

உள்ளே யாராவது மயங்கி விழுவதைப் பார்த்தால் பின்னால் குதிக்காதீர்கள், ஆம்புலன்ஸுக்கு 995 அழையுங்கள். இரண்டாவதாக இறங்கியவர் முதலாமவர் பக்கத்திலேயே விழுவதுதான் இந்த வகை விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது.


சுண்ணாம்புக்காரை எழுதியது:

மணல் கூம்பைப் பற்றி எழுதினீர்களே, நல்ல கண். அந்தப் படத்தில் எனக்கு விரிசலைவிட அதுதான் கவலை தருகிறது. ஓட்டத்தில் வந்த மண் நீளமாகப் படியும், கூம்பாக நிற்காது. கூம்பு என்றால் மேலிருந்து சொரிந்தது. நிறம் வேறு என்றால் அது வடிகாலின் சேறு அல்ல, செங்கலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டு மண். மண் உள்ளே வந்த அளவுக்கு வெளியே வெற்றிடம் உண்டாகியிருக்கிறது.

செங்கல் வளைவு நிற்பதே சுற்றியுள்ள மண் இரு பக்கமும் அணைத்துப் பிடிப்பதால்தான். மண் போன பக்கம் அணைப்பு தளரும், விரிசல் இன்னும் திறக்கும், அதன் வழியே இன்னும் மண் வரும். இது தானாக நிற்காது, ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் முன்னேறும்.

ஆகவே வேலை இப்போது மேலே. மேல் மேன்ஹோலிலிருந்து 6 மீட்டர் அளந்து, அந்த இடத்தில் புல்லும் நடைபாதையும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். தட்டுபோல் சிறு பள்ளம், நடைபாதைக் கல் சாய்வு, மழைக்குப் பிறகு அங்கே மட்டும் நீர் தேங்கி மெதுவாக இறங்குவது, இதில் எது இருந்தாலும் அன்றே நிர்வாகத்திடம் சொல்லி அந்த இடத்தில் ஆளோ புல்வெட்டும் வண்டியோ போகாமல் கயிறு கட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆலமரமோ அரசமரமோ இருந்தால் வேர்தான் காரைக்குள் புகுந்து வழி திறந்திருக்கும். வேரை அறுத்துவிடாதீர்கள், பல வருடம் அடைத்துக்கொண்டிருந்த வேர் அழுகினால் அந்த ஓட்டையே பெரிய வாயாகும். சிமெண்ட் பூசி விரிசலை உள்பக்கம் மூடுவதும் வேண்டாம். பின்னால் சேரும் நீருக்குப் போக வழி இல்லாமல் போய் மென்மையான பழைய செங்கலின் முகம்தான் பெயர்ந்து விழும். இது மரபுக் கட்டடங்களில் அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டிய வேலை. கூம்பின் உயரத்தையும் அகலத்தையும் தேதி போட்டுப் பதிவு செய்து கொடுத்தால் அவருக்கு அதுவே பெரிய உதவி.


ஈரலென்ஸ் எழுதியது:

அண்ணே, ஆள் போகாம படம் எடுக்கற வழி நான் சொல்றேன். உங்ககிட்ட ரெண்டு மேன்ஹோல் இருக்கு, 15 செண்டிமீட்டர் தண்ணி இருக்கு. மிதவை போதும்.

மேல் மேன்ஹோல்ல டென்னிஸ் பந்துல தூண்டில் நரம்பு கட்டி விடுங்க, ஓட்டமே கீழ கொண்டுபோயிடும். மணல் கூம்புல மாட்டினா இழுத்துட்டு மறுபடி விடுங்க. கீழ்ப்பக்கம் கொக்கிக் கழியால எடுத்து, நரம்போட முனையில 4 மில்லிமீட்டர் கயிறு கட்டி இழுங்க. இப்ப ரெண்டு பக்கமும் கயிறு. நடுவுல மிதவை. ரெண்டு பக்கமும் இருக்கணும், இல்லேன்னா மாட்டின இடத்துல கேமராவ விட்டுட்டு வர வேண்டியதுதான்.

மிதவைக்கு 40க்கு 30 செண்டிமீட்டர் ஃபோம் பலகை. மேல 360 டிகிரி கேமரா, லென்ஸ் உயரம் தண்ணியிலேர்ந்து 45 செண்டிமீட்டர், அதாவது வடிகாலோட நடு. விளக்கு கேமராவுக்குப் பக்கத்துல வேண்டாம், ஈரக் காத்துல வெள்ளை வெள்ளையா புள்ளி விழும். முன்னும் பின்னும் 15 செண்டிமீட்டர் தள்ளி, கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ச்சு வைங்க. பக்கத்துல 10 செண்டிமீட்டர் இடைவெளில ரெண்டு லேசர் புள்ளி சுவர்ல விழற மாதிரி வச்சா ஒவ்வொரு படத்துலயும் அளவுகோல் தானா இருக்கும்.

கேமராவ குளிர்சாதனத்துலேர்ந்து நேரா எடுத்துட்டுப் போகாதீங்க, லென்ஸ் வேர்த்துடும். ஜிப் பையில போட்டு வெளிய அரை மணி நேரம், அப்புறம் திறங்க.

கயிறுல மீட்டருக்கு ஒரு டேப், 5 மீட்டருக்கு ஒரு கலர். விநாடிக்கு 10 செண்டிமீட்டர் வேகத்துல இழுத்தா 40 மீட்டர் 7 நிமிஷத்துக்குள்ள முடியும். ஒவ்வொரு டேப்பும் மேன்ஹோல் விளிம்பைத் தாண்டும்போது சத்தமா எண் சொல்லுங்க, மேல ஒருத்தர் ஃபோன்ல பதிவு பண்ணட்டும். அப்புறம் வீடியோவோட நேரத்தை அதோட ஒத்துப் பாத்தா எந்தப் படம் எத்தனாவது மீட்டர்னு தெரிஞ்சுடும். முப்பரிமாண மாடல் வேணும்னா பக்கத்துப் பக்கத்துப் படம் 70லேர்ந்து 80 சதவீதம் ஒண்ணுமேல ஒண்ணு விழணும், அதுக்கு இந்த வேகம் சரியா வரும். ரெண்டு மேன்ஹோலோட அடிமட்டத்தையும் லெவல் கருவி வச்சு மேலேர்ந்தே எடுத்துடுங்க, மாடலை அதுலதான் மாட்டணும். ஜிபிஎஸ் உள்ள வேலை செய்யாது, காந்தத் திசைகாட்டியும் இரும்புக் கதவு பக்கம் நம்ப முடியாது.

மணல் கூம்பு தண்ணிக்கு மேல நிக்குதுன்னா மிதவை அங்க தட்டும். ரெண்டு பக்கத்துலேர்ந்தும் தனித்தனியா ஓட்டி, கூம்புக்கு முன்னாலயே நிறுத்திடுங்க. வலுக்கட்டாயமா இழுக்க வேண்டாம், மேல விரிசல் இருக்கு.


மாலா_தொண்டூழியர் எழுதியது:

மேலே நின்று கயிறு இழுப்பவர்களுக்கும் இரண்டு விஷயம். வடிகால் தண்ணீரில் எலிச் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்ற காய்ச்சல் நோய் வரும். நம் மண்ணில் மெலியாய்டோசிஸ் கிருமியும் இருக்கிறது, மழைக்குப் பிறகு அதிகம். கையில் வெட்டுக் காயம் இருப்பவர், சர்க்கரை நோய் உள்ளவர் ஈரக் கயிற்றைத் தொட வேண்டாம். முழங்கைவரை வரும் ரப்பர் கையுறை, மூடிய பூட்ஸ். கயிற்றையும் மிதவையையும் பக்கத்து லோங்காங்கில் (சாக்கடையில்) அலசாமல் பையில் போட்டு எடுத்துப் போங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் வடிகால் தண்ணீர் பட்டதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வௌவால் இருந்தால் விளக்கை அணைத்துவிட்டு வெளியே இழுத்துவிடுங்கள், தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்டுவிட்டு வேறு நாள் பார்க்கலாம். சேற்றில் குண்டு, தோட்டா மாதிரி எது தெரிந்தாலும் கழியால்கூடத் தொடாமல் விலகி நின்று போலீஸுக்கு 999.


கடலோரக்காற்று எழுதியது:

6 மீட்டரில் மேலே பார்த்தோம். நடைபாதை ஓரம் ஒரு கை அகலத்தில் பள்ளம் இருக்கிறது, பக்கத்தில் அரசமரமும் நிற்கிறது. நிர்வாகத்தார் அன்றே தடுப்பு வைத்துவிட்டார்கள், பொறியாளரையும் அழைத்திருக்கிறார்கள். மிதவை வேலையைத் தாழ்வு ஓதம் காலையில் வரும் நாளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். கடைசியாக ஒன்று: நடைபாதை ஓரத்தில் தரையில் ஒரு சிறு ஜல்லடை மூடி இருக்கிறது. அது இந்த வடிகாலில்தான் சேர்கிறதா என்று பார்க்கச் சாயம் ஊற்றலாமா?


மழைக்கணக்கு எழுதியது:

சாயம் வேண்டாம். ஃபுளோரசீன் கொஞ்சம் போட்டாலே கடல் வாயில் பச்சையாகப் பளீரென்று தெரியும், யாராவது மாசு என்று புகார் கொடுப்பார்கள். பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் முன்கூட்டிச் சொல்லாமல் அதைச் செய்யக் கூடாது. ஃபோர்ட் கேனிங் மாதிரி சிங்கப்பூர் ஆற்றுப் பக்கம் வடியும் இடம் என்றால் அது குடிநீருக்கான மரினா நீர்த்தேக்கத்துக்கே போகும், அங்கே இந்தக் கேள்வியே எழக் கூடாது.

இரண்டு வாளி குழாய்த் தண்ணீர் போதும். மிதவைக் கேமராவை மேல் மேன்ஹோலுக்குக் கீழே நிறுத்திப் பதிவை ஓடவிட்டு, ஜல்லடையில் 20 லிட்டரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். சேர்கிறது என்றால் ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர்மட்டத்தில் அலை தெரியும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் தெரியும். ஆனால் பள்ளம் இருக்கும் பக்கம் ஊற்றாதீர்கள், பொறியாளர் பார்த்து முடிக்கும்வரை அந்த மண்ணில் கூடுதலாக ஒரு வாளி தண்ணீர்கூட இறங்கக் கூடாது. ஜல்லடை தடுப்புக்கு உள்ளே இருந்தால் இந்தச் சோதனையையும் அவர் வந்த பிறகே வையுங்கள்.